கடல் அனுபவம்: இல்லை

1

பட்டினப்பாக்கத்துப் பெண்டுகளுக்குக் கன்னியம்மா எழுதிக்கொள்வது. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் எல்லாரும் திருவிழா மலருக்கு நாலு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று மலர் போடும் பெண்கள் போனில் சொன்னார்கள். "நான் மூணாவது வரைக்கும் படிச்சவ, எனக்கு இன்னா தெரியும்" என்றேன். "நீ பேசறத அப்டியே எழுது ஆயா, பத்தலன்னா நாங்க ஒட்டிக்கிறோம்" என்றார்கள். ஒன்றும் ஒட்ட வேண்டாம். நாலு நாளாக எழுத்துக் கூட்டி நானே எழுதியிருக்கிறேன். புள்ளி, கமா மட்டும் உங்கள் பொறுப்பு.

ஒரு வேண்டுகோள். இதை என் நாத்தனார் அங்கம்மா அக்காவுக்கு யாராவது படித்துக் காட்டுங்கள். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது, காது மந்தம். சத்தமாகப் படியுங்கள். நாலு வீடு தள்ளிக் கேட்டாலும் பரவாயில்லை.

விஷயம் இதுதான். போன வருஷம் இதே மாதம் நான் ஒரு பாய்மரப் படகில் ஏறிக் கடலில் பந்தயத்துக்குப் போனேன். வேடிக்கை பார்க்கப் போகவில்லை. அந்தப் படகை ஓட்டிய ஐந்து பேரில் நான் ஒருத்தி. இந்த வருஷப் பந்தயத்துக்கான தாள் நாலு நாளைக்கு முன்னால் வந்தது. அதைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

நான் இருப்பது ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில். மகள் தேவி இங்கே ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலையில் இருக்கிறாள். அவளோடு வந்து ஆறு வருஷம் ஆகிறது.

இங்கேயும் கடல் உண்டு. ஆனால் சூரியன் கடலிலிருந்து எழும்பாது, கடலில் போய் விழும். முதல் நாள் பார்த்தபோது சாமி படத்தை யாரோ தலைகீழாக மாட்டிவிட்டது போல இருந்தது. தெற்கிலிருந்து வரும் காற்று நமக்கு இதம். இங்கே அதுதான் குளிர். மீன் கடையில் மீனுக்குத் தலை கிடையாது. தலை இல்லாத சாமானை நான் மீன் என்று சொல்வதில்லை.

வீட்டுக்குள் மீன் வறுத்தால் கூரையில் இருக்கும் வட்டப் பெட்டி ஒன்று அலறும். அதற்காகத் தேவி பின்பக்கத்துத் தோட்டத்தில் ஒரு அடுப்பு வைத்துக் கொடுத்தாள். அங்கே நான் வஞ்சிரம் மாதிரி ஒரு மீனை வறுத்துக்கொண்டிருந்தபோது வேலிக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. வெள்ளைக்காரத் தலை. பிறகு ஒரு தட்டும் தெரிந்தது. அதுதான் மார்கரெட். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவள். அன்றைக்கு நாலு துண்டு சாப்பிட்டாள். மறுவாரம் தட்டோடு எலுமிச்சம்பழத்தையும் எடுத்துக்கொண்டு வந்தாள். நல்ல பெண்.

அவளுக்கும் டிரெவர் என்கிற ரிட்டயரான குழாய்க்காரருக்கும் சேர்த்து ஒரு பாய்மரப் படகு உண்டு. அதில் அண்ணன் தம்பி இரண்டு பேர் வருவார்கள். ஒரு நாளைக்கு மூன்று வார்த்தை பேசுவார்கள், அதில் இரண்டு "ஆமாம்." ஐந்தாவது ஆளுக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகிவிட்டது. ஐந்து பேர் இல்லாத படகைப் பந்தயத்தில் விட மாட்டார்களாம்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். மார்கரெட்டும் டிரெவரும் பேசுவது இங்கிலீஷ். எனக்கு அது பாதி காதிலும் பாதி அவர்கள் கையை ஆட்டுவதிலும் புரியும். புரிந்ததை நம்ம பாஷையிலேயே எழுதுகிறேன். அவர்கள் பேசும் தோரணையும் நம்ம ஏலக்கரையில் பேசுகிற மாதிரிதான்.

"ஐயே கன்னி, நீ வாயேன்" என்றாள் மார்கரெட்.

"எங்க?"

"படகுக்கு. அஞ்சாவது ஆளா."

எனக்குச் சிரிப்பு வந்தது. "நான் படகுல கால வெச்சா மீனு கெடைக்காது" என்றேன்.

"நாங்க மீனு புடிக்கப் போவல" என்றாள்.

போனேன்.

3

பந்தயம் நடத்தும் கிளப்பில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்குள் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். அவள் முன்னால் ஒரு தாள். பேர், வயசு, கடலில் விழுந்தால் யாருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும், இப்படி வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். மகள் பேரைக் கொடுத்தேன். அவள் போன் நம்பரில் கடைசி இரண்டு எண்களை மட்டும் மாற்றிச் சொன்னேன். அதற்குக் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

"இதுக்கு முன்னாடி எத்தினி தபா கடலுக்குப் போயிருக்கீங்க?"

"போனதில்ல."

"சின்னப் படகுலயாவது?"

"ஏறுனதே இல்ல."

அந்த அம்மாள் மார்கரெட்டைப் பார்த்தாள். மார்கரெட் கூரையைப் பார்த்தாள். கடல் அனுபவம் என்கிற கட்டத்தில் அந்த அம்மாள் ஒரு சின்ன வார்த்தையை எழுதினாள். வெளியே வந்ததும் என்ன எழுதினாள் என்று கேட்டேன். "இல்லைன்னு எழுதிச்சு" என்றாள் மார்கரெட்.

அடுத்த கட்டம், படகில் என்ன வேலை. அதில் மார்கரெட்டே எழுதியிருந்தாள்: எடை.

"எடைன்னா?"

"காத்து பின்னால இருந்து தள்ளும்போது படகோட மூக்கு தண்ணில குத்தும். நாம பின்பக்கமாப் போய் குந்திக்கினா மூக்கு மேல நிக்கும். நீ குந்து, அது போதும்."

நாற்பத்தேழு வருஷம் தராசையே தொடாமல், கண்ணால் பார்த்துக் கூறு கட்டி மீன் விற்றவள் நான். என்னைப் பிடித்து எடைக்கல்லாக்கிவிட்டார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். "இல்லை" என்கிற வார்த்தைதான் உறுத்தியது. பொய்யாக எழுதியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். எழுதியது உண்மை. அலைக்கு இருபது அடி தள்ளி வாழ்ந்தேன், கடல் போட்டதைத் தின்றேன், கடல் சாமானை விற்றேன், கடல் மேல் கால் வைத்ததில்லை. திரும்பவும் ஜன்னலுக்குப் போய், "அத மாத்தணும்னா இன்னா செய்யணும்?" என்று கேட்கச் சொன்னேன்.

"வேலை செஞ்சாங்கன்னு கேப்டன் கையெழுத்து போட்டா அடுத்த வருஷத் தாளுல மாத்திக்கலாம். சும்மா குந்திக்கினு வந்தா கெடையாது" என்றாள் கண்ணாடி அம்மாள்.

கேப்டன் மார்கரெட்தான். அவள் சிநேகிதிதான். ஆனாலும் பொய்க்குக் கையெழுத்துப் போடுகிற ஜாதி இல்லை. பஸ்ஸில் டிக்கெட் இல்லாத ஆளைப் பாதி வழியில் இறக்கிவிட்டவள். அப்போதே மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். அந்த "இல்லை" அடுத்த வருஷத் தாளில் இருக்கக் கூடாது.

4

அந்த "இல்லை"யை எழுதியது கண்ணாடி அம்மாள்தான், ஆனால் எழுத வைத்தது அங்கம்மா அக்கா. அவர் உட்கார்ந்து கேட்கட்டும்.

எனக்குக் கல்யாணமாகி நாலாவது மாதம். வீட்டுக்காரர் கட்டுமரத்தைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். என் அரிவாள்மனை மரத்தின் மேல் இருந்தது. எட்டி எடுக்க ஒரு காலை மரத்தில் வைத்தேன். ஒரே ஒரு கால். அங்கம்மா அக்கா போட்ட சத்தத்தில் சாந்தோம் பக்கத்திலிருந்தே ஆள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பொம்பள மரத்துல காலு வெச்சுட்டாளே! பொயப்பு போச்சே!"

மஞ்சள் தண்ணீர் ஊற்றி மரத்தைக் கழுவினார்கள். மறுநாள் வலை காலியாக வந்தது. நான்தான் காரணம் என்றார் அக்கா. அதற்கடுத்த நாள் வலை கொள்ளாமல் காலா மீன் வந்தது. அதற்கும் நான்தான் காரணமா என்று கேட்டேன். மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.

அன்றையிலிருந்து நான் கரையில் உட்கார்ந்தவள்தான். காலையில் ஏலம். பிறகு மந்தைவெளி, அடையாறு என்று கூடை சுமந்து தெருத்தெருவாக. மத்தியானத்துக்கு மேல் மறுபடியும் மணலில் கூறு கட்டி வியாபாரம். நான் கற்றுக்கொண்டது எல்லாம் உட்கார்ந்த இடத்தில் கற்றுக்கொண்டதுதான்.

5

தேவியின் போன் நம்பரை மாற்றிச் சொன்ன கதைக்கு வருகிறேன். தேவிக்குத் தெரிந்தால் விட மாட்டாள். கடல் என்றால் அவளுக்கு ஆகாது. கடல் மட்டுமில்லை, கரையும் ஆகாது. அவள் சிநேகிதிகள் ஒருநாள் சாப்பிட வந்தபோது, "அப்பா மீன்வளத் துறையில் இருந்தார், அம்மா ஹவுஸ்வைஃப்" என்று சொன்னாள். அன்றைக்கு நான் ரசத்தில் உப்புப் போடவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே சனிக்கிழமை தோறும் பஜனைக்குப் போகிறேன் என்று சொல்லிவைத்தேன். மார்கரெட் காரில் கூட்டிக்கொண்டு போய்விடுவதாக ஏற்பாடு. ஒருநாள் தேவி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, "பஜனை எப்படி இருந்தது?" என்று மார்கரெட்டைக் கேட்டுவிட்டாள். மார்கரெட் கையைக் குவித்துக் கண்ணை மூடித் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். பஸ் ஓட்டியவளுக்கு இவ்வளவு நடிப்பு வரும் என்று நான் நினைக்கவில்லை.

"ஹால்ல ஏசி போடுவாங்க" என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் தேவியே வாசலில் நின்று என் காதுக்கு மப்ளர் கட்டிவிடுவாள். பாண்டி பஜார் பிளாட்பாரத்தில் வாங்கிய பச்சை மப்ளர். இரண்டு சுற்று, இரண்டு முடிச்சு. மார்கழியில் கச்சேரிக்குப் போகிற மயிலாப்பூர் மாமாக்கள் பார்த்தால் பொறாமைப்படுவார்கள்.

பயிற்சியில் முதலில் நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன், சிரித்துக்கொள்ளுங்கள். காற்று பின்னாலிருந்து அடிக்கும்போது படகின் முன்னால் பலூன் மாதிரி ஒரு பெரிய பாயை ஏற்றுவார்கள். ஆரஞ்சும் பச்சையும், ரங்கநாதன் தெருவில் பொம்மைக்குக் கட்டி நிறுத்துகிற புடவை போல இருக்கும். இறக்கியதும் அதைப் பையில் போட்டு வைக்கிற வேலையை எனக்குக் கொடுத்தார்கள். அவர்கள் அதை வெறுமனே திணிக்கிறதைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு முனையை மார்கரெட்டைப் பிடிக்கச் சொல்லி, தாடையில் அண்டக்கொடுத்து, கொசுவி, நீவி, பட்டுப் புடவை மடிக்கிற மாதிரி மடித்துக் கொடுத்தேன். பீரோவில் வைக்கலாம், அவ்வளவு அழகு.

அடுத்த சனிக்கிழமை ஏற்றினார்கள். பாயின் மூன்று முனைகளும் மடிப்புக்குள் எங்கேயோ போயிருந்தன. அகப்பட்டதைப் பிடித்துக் கட்டியதில் பாய் பக்கவாட்டில் ஏறி, கொடியில் காயப்போட்ட பாவாடை மாதிரி தொங்கியது. அன்றைக்கு அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒன்பது வார்த்தை பேசினார்கள். எனக்குப் புரியவில்லை என்பது நல்லதாகப் போயிற்று. பிறகு கற்றுக்கொண்டேன். ஓரத்தைப் பிடித்துக்கொண்டே போய் முறுக்கில்லை என்று பார்த்துவிட்டு, நடுவைத் திணித்து, மூன்று முனையையும் பைக்கு வெளியே விட வேண்டும். இப்போது அந்த வேலையில் எனக்கு மேல் அங்கே ஆள் இல்லை.

இரண்டாவது காரியம் சிரிக்கிற மாதிரி இல்லை.

காற்று எதிரே வரும்போது படகு சாயும், தண்ணீர் முகத்தில் அறையும், எல்லாரும் கத்துவார்கள். பார்க்கத்தான் பயம். காற்று முதுகுப் பக்கம் வந்ததும் எல்லாம் அடங்கிவிடும். காற்றோடு படகும் ஓடுவதால் காற்றே இல்லாத மாதிரி இருக்கும். வெயில் சுடும். டிரெவர் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிப்பார். பயப்பட வேண்டியது அப்போதுதான். ஏனென்றால் நடுவில் இருக்கும் பாயை ஒரு பக்கமாக வெளியே தள்ளி வைத்திருப்பார்கள், கதவைத் திறந்து வைத்த மாதிரி. பின்னால் வரும் காற்று கொஞ்சம் அந்தப் பக்கம் மாறி, கதவுக்குப் பின்னால் புகுந்துவிட்டால் கதவு மறுபக்கம் வந்து அறையும். அந்தக் கதவின் அடியில் மூன்று ஆள் நீளத்துக்கு ஒரு கம்பம் இருக்கிறது. அது வருகிற வழியில் தலை இருந்தால் தலை இருக்காது. காற்று மாறுவது முன்கூட்டித் தெரிந்தால் கயிற்றை இழுத்து, கம்பத்தைக் கைக்குள் வைத்து, மெதுவாக மறுபக்கம் மாற்றிவிடலாம்.

"எங்க கண்ணு பாய் மேலயே இருக்கும். நீ சொம்மாதானே குந்திக்கினு கீற? காத்து எந்தக் காதுல படுதுன்னு மட்டும் பாரு. அடுத்த காதுக்கு மாறுனா கத்து" என்றார் டிரெவர், தன் காதைத் தொட்டுக் காட்டி.

இது ஒரு வேலை. எடை இல்லை, வேலை. பெருமையாகத் தலையை ஆட்டினேன். மப்ளருக்குள்ளிருந்து.

கொஞ்ச நேரத்தில் பீரங்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். கம்பம் பறந்து வந்து மறுபக்கம் அடித்தது. டிரெவர் குனிந்து ரொட்டி எடுத்துக்கொண்டிருந்ததால் தலை தப்பியது. அவர் தொப்பி கடலுக்குப் போயிற்று. படகே நடுங்கி நின்றது.

"இன்னா ஆயா! காத்து மாறுனது தெரியலியா?"

"தெரியல" என்றேன்.

மார்கரெட் எழுந்து வந்தாள். ஒற்றை விரலால் என் மப்ளரைத் தூக்கி உள்ளே பார்த்தாள். "கடைய சாத்திக்கினு உள்ள வியாபாரம் பண்றியா?" என்றாள்.

"காதுல காத்து பூந்தா ஜன்னி வந்துடும்" என்றேன். அவர்களுக்கு இது விளங்கவில்லை. கடலில் வந்து காற்றுக்குப் பயந்தால் எப்படி என்று கேட்டார் டிரெவர். நம்மில் யாருக்குத்தான் அந்தப் பயம் இல்லை? பிள்ளை பெற்றபோது காதில் வைத்த பஞ்சை நாற்பது நாள் எடுத்தோமா? அதோடு தேவி கட்டிய முடிச்சு. நான் அவிழ்க்கவில்லை. மார்கரெட்டும் அதன் பிறகு காற்றைப் பார்க்கச் சொல்லவில்லை. மறுபடியும் எடை ஆனேன்.

6

பந்தய நாள். பதினோரு படகுகள். கரையை ஒட்டி வடக்கே போக வேண்டும், காற்று தெற்கிலிருந்து, ஆகவே நாள் முழுக்க முதுகுக் காற்று என்றார்கள்.

கிளம்புவதற்கு முன் படகின் மூக்கில் ஒரு எலுமிச்சம்பழமும் நாலு பச்சை மிளகாயும் கோத்துக் கட்டினேன். சோதனை போட வந்த ஆள், "இது இன்னா?" என்றான். "பாதுகாப்புச் சாமான்" என்றாள் மார்கரெட். அவன் தன் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டு அடுத்த படகுக்குப் போய்விட்டான்.

காலையில் கரைக்காற்று. வலது தோளுக்குப் பின்னாலிருந்து வந்தது. பாய் இடது பக்கம் திறந்திருந்தது. பலூன் பாயும் ஏறி நின்றது. எங்களுக்கு முன்னால் ஆறு படகு. மார்கரெட் சுக்கானில். டிரெவரும் அண்ணன் தம்பியும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் இருக்கும் பாயைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. நான் கடைசியில், முதுகைக் கடலுக்குக் கொடுத்து, மப்ளரோடு.

உச்சி வெயில் ஏறியது. காற்று தளர்ந்தது. டிரெவர் ஒரு கையில் கயிற்றை வைத்துக்கொண்டு மறு கையால் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தார்.

ரொட்டியின் மேல் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது.

கரையிலிருந்து அவ்வளவு தூரத்தில் ஈ! காலையில் கரைக்காற்றோடு வந்திருக்கும். காற்று இருந்தவரையில் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருந்தது, இப்போது தைரியமாக உட்காருகிறது. எனக்குச் சுருக்கென்றது.

கூடை வைத்து விற்றவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கடல்காற்று எழும்புவதற்கு முன்னால் கரைக்காற்று ஒரு மூச்சு நின்றுபோகும். அதுவரை அண்டாத ஈ மீனை மொய்க்கும். ஈ விரட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போச்சு. அப்போதே கூடையைத் திருப்பிவைத்து, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட வேண்டும். உட்காராதவளின் மீனில் மணல். நாற்பத்தேழு வருஷத்தில் என் மீனில் மணல் இருந்தது என்று ஒருத்தர் சொல்லட்டும் பார்ப்போம்.

மப்ளரில் கை வைத்தேன். இரண்டு முடிச்சு, தேவி முடிச்சு, அவிழவில்லை. தாடைக்குக் கீழே பிடித்து இழுத்துக் கழுத்தில் தள்ளினேன். வெயில் காதில் பட்டது. ஜன்னி வந்தால் வரட்டும்.

வலது காதில் கொஞ்சம் குளிர்ச்சி. பிறகு அதுவும் இல்லை. இரண்டு காதிலும் ஒன்றுமில்லை. ஈ ரொட்டியில் நடந்தது. பிறகு இடது காதுக்குப் பின்னால், முடி கட்டுகிற இடத்தில், யாரோ ஈரத்துணியால் தொட்ட மாதிரி ஒரு தொடல்.

"காத்து மாறுது! தலைய குனி! மார்கரெட்டு, காத்து இந்தாண்ட வருது!"

தமிழில்தான் கத்தினேன். இங்கிலீஷ் யோசித்துக் கத்த அங்கே நேரம் ஏது? ஆனால் ஏலக்கரையில் கத்திப் பழகிய தொண்டை, முப்பது வருஷம் பஸ் ஓட்டியவளின் காது. இடது கையை நான் ஆட்டியதைப் பார்த்தாளோ இல்லையோ, மார்கரெட் ஒரு அதட்டல் போட்டாள். நாலு பேரும் குனிந்தார்கள். அண்ணன் கயிற்றை இழுத்துக் கம்பத்தை நடுவுக்குக் கொண்டுவந்தான், மார்கரெட் சுக்கானைத் திருப்பினாள், கம்பம் என் தலைக்கு மேலே மாட்டுவண்டி மாதிரி நிதானமாகத் தாண்டிப் போயிற்று. தம்பி பலூன் பாயை மறுபக்கம் மாற்றினான். அது முடியவும் கடல்காற்று மொத்தமாக வந்து முதுகில் தள்ளியது. எலுமிச்சம்பழம் ஆடியது. ஈயைக் காணோம்.

முன்னால் போன படகுகளில் பீரங்கி வெடித்தது. ஒன்று, இரண்டு, இன்னொன்று. ஒன்றில் பலூன் பாய் கம்பியில் புடவை மாதிரி சுற்றிக்கொண்டது. ஒருவருக்கும் அடி இல்லை, அம்மன் புண்ணியம். அவர்கள் சிக்கெடுத்துக்கொண்டிருக்க, நாங்கள் பக்கத்தில் வழுக்கிக்கொண்டு போனோம். போகிற போக்கில் நான் கை ஆட்டினேன். ஆட்டக் கூடாதாம், மரியாதை இல்லையாம். இரண்டாவது படகுக்கு ஆட்டவில்லை. மூன்றாவதுக்கு ஆட்டினேன்.

நாலாவதாக வந்தோம். அதற்கு முந்தின வருஷம் இந்தப் படகு கடைசி.

கரையில் டிரெவர் என் மப்ளரைக் கையில் எடுத்து, "இத கடல்ல போட்டுடவா?" என்றார்.

"வெச்சிடு. பொண்ணு கேப்பா" என்றேன்.

7

மூன்றாம் நாள் ஜலதோஷம் பிடித்தது. காதில் காற்று புகுந்தால் வரும் என்று நான் சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை.

தேவி மிளகுக் கஷாயத்தோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். என் முகத்தையே பார்த்தாள். ஒரே நாளில் கருவாடாகக் கருத்திருந்தேன். கழுத்தில் மப்ளர் கிடந்த இடம் மட்டும் வெளுப்பு.

"பஜனை எங்கம்மா நடந்துது? மொட்ட மாடியிலயா?"

"கூட்டம் ஜாஸ்தி. வெளியில குந்திக்கினோம்."

அவள் மப்ளரை எடுத்து மூக்கில் வைத்தாள். எத்தனை வருஷம் ஆஸ்பத்திரி வாசனையில் இருந்தால் என்ன, பட்டினப்பாக்கத்து மூக்கு. அவ்வளவுதான். இங்கே வந்து பழகிய நாசூக்குத் தமிழ் எல்லாம் பறந்துவிட்டது.

"இன்னாம்மா இது! கடல் வாசன அடிக்குது! எவ்ளோ நாளா டபாய்ச்சிக்கினு கீற? கடல்ல வியுந்திருந்தா? எனக்கு யாரு சொல்லியிருப்பா?"

போன் நம்பரை மாற்றிய விஷயத்தை அப்போது சொல்லவில்லை. இப்போது இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

"உங்கப்பா டெய்லி போனாரே. அவருக்கு யாரு மப்ளர் கட்னா?" என்றேன். அவள் அழுதாள். நான் கஷாயத்தைக் குடித்தேன். அழுகிறவளுக்கு முன்னால் குடிக்க அதைவிட நல்ல சாமான் இல்லை, இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர் வரும்.

அந்த நேரம் பார்த்து மார்கரெட் தட்டோடு வேலி தாண்டி வந்துவிட்டாள். கையில் ஒரு அட்டை. நாலாவதாக வந்த படகுக்குக் கொடுத்தது. ஐந்து பேரின் பேரும், அவரவர் வேலையும் அதில் எழுதியிருந்தது. என் பேருக்கு நேராக எடை என்று அடித்திருந்ததைக் கோடு போட்டு நீக்கிவிட்டு, பேனாவால் மார்கரெட் எழுதியிருந்தாள்: காது. கீழே கையெழுத்து.

"இவங்க நாப்பத்தேழு வருஷம் பீச்சாண்ட மீன் வித்தாங்களாமே, நீ சொல்லவே இல்லியே! அது மட்டும் மொதல்லயே தெரிஞ்சிருந்தா இவங்கள எடையாப் போட்டிருப்பனா?" என்றாள் தேவியிடம். ஈ கதையைக் கரையில் அவளுக்கு நான்தான் சொல்லியிருந்தேன்.

தேவி என்னைப் பார்த்தாள். நான் மூக்கைச் சிந்தினேன்.

8

அதற்குப் பிறகு ஒரு வருஷம். இந்தத் தடவை தாள் கம்ப்யூட்டரில் வந்தது. நாலு நாளைக்கு முன்னால் தேவியே அதை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜைக்கு வந்தாள். பேர் அடித்தாள், வயசு அடித்தாள். விழுந்தால் சொல்ல வேண்டிய நம்பரை அவளே அடித்தாள், இரண்டு தடவை சரிபார்த்தாள். பிறகு கை நின்றுவிட்டது.

"கடல் அனுபவம்னு கேக்குறாங்க. என்ன போடறது?"

"நீதானே படிச்சவ" என்றேன்.

நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தலை தூக்கவில்லை. அவள் அடிக்கிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடியும் கேட்டது. "இல்லை" என்று அடிக்க இவ்வளவு நேரம் ஆகாது என்பது மட்டும் தெரிந்தது. கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்துக் காட்டினாள்.

"மீன் வியாபாரம், பட்டினப்பாக்கம் கடற்கரை, நாற்பத்தேழு வருஷம்."

மீன்வளத் துறை இல்லை. ஹவுஸ்வைஃப் இல்லை. கீரையில் ஒரு பூச்சி இருந்தது, அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவ்ளோதானா?" என்றேன்.

"இன்னும் இன்னாம்மா?"

"ஒரு நாளு. படகு மேல."

"ஒரு நாளும்" என்று சேர்த்து அடித்தாள்.

வருகிற சனிக்கிழமை பந்தயம். நேற்றைக்கு ஒத்திகைக்குக் கிளம்பும்போது வாசலில் மப்ளரோடு நின்றாள். இரண்டு சுற்றுச் சுற்றினாள். முடிச்சுப் போடப் போனவள் ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு, வேறு மாதிரி போட்டாள். ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் அவிழ்ந்துவிடுகிற உருவு முடிச்சு. வீட்டுக்காரர் கட்டுமரத்தைக் கரையில் கட்டுகிறபோது போடுவது. அவளுக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தந்ததில்லை. நுனியை என் கையில் கொடுத்து, "கரைய தாண்டுனப்புறம் இழு" என்றாள்.

அங்கம்மா அக்கா இன்னும் கேட்டுக்கொண்டிருந்தால் அவருக்கு ஒரு செய்தி. அக்கா, நீங்கள் அன்றைக்குச் சொன்னது சரிதான். நான் காலை வைத்த படகில் இதுவரைக்கும் ஒரு மீன்கூட அகப்படவில்லை.